மீன் பிடிக்கிறவருக்குப் பேச்சுத்துணை

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போக ஆரம்பித்த காலம் அது. அப்படிப் போய்த் திரும்பிய ஒருவரைப் புத்தூர் மலை ஓடையில் பார்த்தேன். நான் விறகுக்குப் போயிருந்தேன். கரடி உள்ள மலை என்பதால் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே போவோம். தனியாகப் போனால் நான் அரிவாளைக் கல்லில் தட்டிக்கொண்டே போவேன்.

ஒல்லியான மனிதர். ஒரு காது பாதிதான் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, இறகை ஈ மாதிரி கட்டிய தூண்டிலை வீசி வீசி இழுத்தார். மீன் ஓடிவிடுமே என்று தட்டுவதை நிறுத்தினேன். அவர் நடுங்கித் திரும்பினார்.

"நிறுத்தாதக்கா! எதுனா பேசிக்கினே இரு."

"மீன் ஓடிடுமே நைனா?"

"ஓடட்டும். அங்க குளிர் தேசத்துல டிரவுட்டு மீன் புடிக்கப் போனோம். பேசாதடா, மீன் ஓடுதுன்னான் என் கூட்டாளி. வாய மூடிக்கினேன். கரடி வந்ததே தெரியல. என் காதோட போச்சு, அவன் உசுரே போய்ட்டுது."

"அப்புறம் ஏன் இத தொட்ற?"

"தூண்டில் கையில இருந்தாதான் அவன் மொகம் நெனப்பு வருது."

எனக்குப் பேச வராது. ஆனாலும் ஆடு, ரேஷன் சர்க்கரை, மருமகள் வைக்கிற குழம்பு என்று பேசினேன். திடீரென்று தூண்டில் வளைந்தது. அதைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

அவர் மீனைப் பார்க்கவில்லை. தூண்டிலைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் இருந்த புதரையே பார்த்தார்.

மறுபடி குழம்பைப் பற்றி ஆரம்பித்தேன். ரோடு வரைக்கும் பேசிக்கொண்டே இறங்கினேன். அவரும் பின்னாலேயே வந்தார். புதரில் என்ன இருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.