ஒற்றை ஆள் போட்ட கோர்வை

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் எங்களுக்கு ஒரு ஃபிலிம் சொசைட்டி இருந்தது. பள்ளிக்கூட ஹாலில் மாதம் ஒரு படம். அதன் சைக்ளோஸ்டைல் பத்திரிகைக்கு விமர்சகன் நான். குமாஸ்தா வேலை போக மீதி நேரமெல்லாம் எனக்கு போலந்துப் படம், ஜப்பான் படம். சப்டைட்டிலைப் பாதி படிப்பதற்குள் அது ஓடிவிடும். கூட வரும் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து ‘மௌனத்தின் அழகியல்’ என்று இரண்டு பக்கம் நிரப்பிவிடுவேன். யாரும் கேள்வி கேட்டதில்லை. அதனாலேயே தலைக்கனம் ஏறிக் கிடந்தது.

ஒரு மாதம் நெசவாளியைப் பற்றிய படம் வந்தது. புதிதாக வந்த இளைஞர் ஒருவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. இயக்குநரே நேரில் வந்திருந்தார். அன்று அமாவாசை, தறிக்கு லீவு. அதனால் என் அக்காவும் வந்தாள்.

அக்கா பதினைந்து வருஷமாகத் தன் புருஷன், அதாவது என் மாமாவின் தறியில் பக்கத்தில் உட்காருகிறவள். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போடுவது ஒரு ஆளால் ஆகாது. நெய்கிறவர் ஒருவர், மறுகரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொருவர். தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கும் இது அரிச்சுவடி.

படத்தில் நெசவாளியின் மனைவி இறந்துபோகிறாள். காரியம் முடிந்ததும் அவர் தனியாகத் தறியில் இறங்கி, மகளின் கல்யாணப் புடவையை நெய்கிறார். பத்து நிமிஷம் நெய்துகொண்டே இருக்கிறார். புடவைக்கு வெளிறிய உடல், அடர்ந்த கரை. கறுப்பு வெள்ளையிலும் கோர்வை என்று பளிச்சென்று தெரிந்தது. ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

“ஒத்த ஆளா கோர்வை போட்டுக்கினு இருக்கான்பா!” என்றாள்.

“கம்முனு இரு, அக்கா,” என்றேன்.

“இல்லபா, பொண்டாட்டி பூட்டா அந்தக் கரை நின்னுடும். தறி அப்டியே கெடக்கும். அதக் காட்டியிருந்தா நான் அழுதிருப்பேன்.”

அவள் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். நான் படித்த எந்தப் பிரசுரத்திலும் அப்படி ஒரு விமர்சனம் இருந்ததில்லை. ஆனால் என் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: இவள் என் அக்கா என்று இவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

படம் முடிந்ததும் இயக்குநர் கேட்டார்: “நெசவு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? தப்பு இருந்தா தாராளமா சொல்லுங்க.”

அக்காவின் கை மேலே போனது. நான் அதைப் பிடித்து இழுத்து அவள் மடியில் அழுத்திக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சும்மா இருந்துவிட்டாள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. இயக்குநர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இதோடு விட்டேனா? அடுத்த இதழில் ‘தனிமையின் உச்சம்’ என்று அந்தக் காட்சியை ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்தேன். கடைசியில், ‘இத்தகைய இடத்திலும் ரசனையற்ற சிலர் சிரித்தது நம் ஊரின் துரதிர்ஷ்டம்’ என்று ஒரு வரி. எழுதும்போது கை கூசவில்லை. இப்போது நினைத்தால் உடம்பே கூசுகிறது.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு இதழையும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அதையும் வாசித்தேன். அந்த வரி வந்ததும் தாண்டிக் குதித்து முடித்துவிட்டேன்.

“அவ்ளோதானா?” என்றாள். “நான் சொன்னத எழுதலியா?”

“எடம் இல்லக்கா.”

“பரவால்லபா,” என்றாள். “எனக்கு அவங்க முன்னாடி பேச வராது, நீயே நல்லபடியா எழுதிச் சொல்லிடுவேன்னு நெனச்சுதான், அன்னிக்கு நீ கையப் புடிச்சப்ப கம்முனு இருந்துட்டேன்.”