மாறி வந்த பாலன்

எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சேசு பாலன் விலாசம் மாறி வந்து சேர்ந்த வருஷம் எனக்கு எட்டு வயது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். கோயில் என்றதும் கோபுரமும் மணிக்கூண்டுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திண்டிவனத்திலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பினால் ஒரு காலைப்பொழுது பிடிக்கும் தூரத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, மண்சுவரும் ஓலைக்கூரையுமாக ஒரு கொட்டகை. உச்சியில் சிலுவை இருந்ததால் அது கோயில். என் அப்பா அதற்கு உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், மணி அடிப்பதும், மழைக்கு முன்னால் கூரைக்கு ஓலை கேட்டு அலைவதும் அவர் வேலை. பூசை வைக்கத் திண்டிவனத்துச் சாமியார் மாதம் ஒரு தடவை வருவார். மழை பெய்தால் அதுவும் கிடையாது.

அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தாள். அத்தையின் புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர், போனவர்தான். அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை இருந்ததாகச் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன் நடந்த கதை. தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது, அது பிழைத்தால் கோயிலுக்கு ஒரு பாலன் சுரூபம், அதாவது குழந்தை சேசுவின் சிலை, வாங்கி வைப்பதாக அத்தை பொருத்தனை செய்துகொண்டாளாம். பிள்ளை பிழைக்கவில்லை. அத்தை பொருத்தனையை விடவும் இல்லை.

"கேட்டது கெடைக்கல. அப்பறம் எதுக்குக்கா கடன் கட்டறே?" என்று என் மாமா அவளைச் சீண்டுவார். அம்மாவின் தம்பியான அவருக்கு எதிலும் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கில் நஷ்டம் எப்போதும் அடுத்தவருக்குத்தான் வரும்.

"நான் யாவாரம் பேசல தம்பி. வாக்கு குடுத்தேன்" என்பாள் அத்தை.

வருஷக்கணக்காக மல்லாட்டை உடைத்த கூலியில் மிச்சம் பிடித்து, அந்த வருஷம்தான் அவளால் அப்பாவைப் புதுச்சேரிக்கு அனுப்ப முடிந்தது. அங்கே ஒரு சுரூபக் கடையில் ஒரு சாண் நீளத்தில் மண் பாலன் ஒன்றுக்கு அப்பா சொல்லிவிட்டு வந்தார். வர்ணம் பூசிக் காய்ந்ததும் ரயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பெட்டி வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. கிறிஸ்துமசுக்கு முன் பாலனை யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே என்று அப்பா சொன்னதும், எல்லாரும் உடைசல் பார்க்கத் தயாராகிவிட்டார்கள். மாமா பெட்டியைப் பார்த்த உடனேயே, "சாணுக்கா இம்மாம் பெரிய பொட்டி?" என்றார். மூடியைப் பிரித்து வைக்கோலை விலக்கினால் உள்ளே ஒரு முழ நீளத்துக்குப் பாலன் படுத்திருந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். எங்களுக்குச் சாண் கேட்டு முழம் வந்திருந்தது.

அதைப்போல ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கண் இரண்டும் கண்ணாடி. இமையில் நிஜ மயிர். கால் விரல்களுக்குக்கூட இளஞ்சிவப்பாக நகம் வரைந்திருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த சரக்கு என்று மாமா சொன்னார். நான் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தேன், அம்மா என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அத்தை யாரையும் கேட்காமல் அதைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சுண்ணாம்பில் செய்த பொம்மையின் முதுகை யாராவது தட்டுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அப்பாதான் மூடியைத் திருப்பினார். வெளியே ஒட்டியிருந்த சீட்டில் எங்கள் ஊர் பெயர் இருந்தது. உள்பக்கத்துப் பலகையில் கரியால் வேறொரு ஊரின் பெயர் எழுதியிருந்தது. கோலியனூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர். கடையில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள்.

"மச்சான், நம்ம திருடினோமா?" என்று மாமா ஆரம்பித்தார். "தானா வந்திச்சி. அதுவும் யாரு வந்திருக்கறது? சாமி! வந்த சாமிய, போ வெளியேன்னு தொரத்துவியா?"

"அவுங்க தேடுவாங்கடா."

"தேடட்டும். கடைக்காரன் தப்பு, கடைக்காரன் பாத்துக்குவான். ஞாயித்துக்கெழமை சாமியாரு வர்றாரு. ஜல்தியா மந்திரிச்சிடு. மந்திரிக்கற வரைக்கும்தான் அது சரக்கு. அப்பறம் அது சுரூபம். மந்திரிச்ச சுரூபத்த ரயில்ல பார்சல் போடுவானா எவனாச்சும்?"

ஊருக்கு இந்த நியாயம் மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். அப்பா அத்தையைப் பார்த்தார். அவள் பாலனின் நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா மூடியைச் சுவரோரம், எழுத்து மறையும்படி சாத்தி வைத்தார்.

அந்த வாரம் முழுவதும் பாலன் எங்கள் வீட்டில் இருந்தது. அத்தை வேலைக்குப் போகும்போது என்னைக் காவல் வைத்துவிட்டுப் போவாள். வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேரே அதனிடம்தான் போவாள். அவ்வளவு பேசி நான் அவளைப் பார்த்ததில்லை. அப்பாதான் பாவம். சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துத் தேவ கட்டளைகளான பத்துக் கற்பனைகளைச் சொல்லிக்கொடுப்பார். 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற ஏழாவது கற்பனை வரும்போது அவருக்கு இருமல் வந்துவிடும். இருமி முடிக்கும்போது எட்டாவதில் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. சாமியார் வந்தார். அவர் வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார், எங்களுக்குப் பாதிதான் புரியும். பூசை முடிந்ததும் அத்தையைப் பீடத்தின் முன்னால் நிறுத்தினார்கள். காணிக்கை கொடுப்பவர் சுரூபத்தைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும், சாமியார் கேட்பார், 'நான் கொடுக்கிறேன் சாமி' என்று அவர் பதில் சொல்ல வேண்டும், அதன்பின் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மாமா அத்தைக்கு இந்த ஒரு வரியை இரண்டு நாளாகப் பாடம் பண்ணியிருந்தார்.

"இச்சுரூபத்தைத் தேவாலயத்திற்கு அளிப்பவர் யார்?" என்றார் சாமியார்.

அத்தை வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து மாமா பின்னாலிருந்து, "நான் குடுக்கறேன், நான் குடுக்கறேன்" என்று கிசுகிசுத்தார். கேட்டவர்களுக்கு மாமாதான் கொடுப்பதுபோல் இருந்தது. அத்தை பாலனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"குடுக்கறதுக்கு இது என்னுது இல்லீங்க சாமி" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "எனில், இது யாருடையது?" என்று சாமியார் கேட்டார்.

"கோலியனூருக்கு அந்தாண்ட ஒரு ஊருங்க. அவுங்களுது. மாறி வந்துடுச்சி. நானும் இந்த ஒரு வாரமா தெரிஞ்சேதான் வெச்சிக்கினு இருந்தேன்." பிறகு, சாமியாரிடம் சொல்வது போலவே இல்லாமல், "தொட்டில கட்டி வெச்சிட்டு அங்க ஒருத்தி காத்துக்கினு இருப்பா" என்றாள்.

சாமியாருக்கு எவ்வளவு புரிந்ததோ. எடுத்த தீர்த்தத்தை வீணாக்க மனமில்லாமலோ என்னவோ, அத்தையின் தலைமேல் தெளித்துவிட்டு உள்ளே போனார்.

நான் அன்று முழுவதும் அத்தையோடு பேசவில்லை. வருகிற லட்சுமியைக் காலால் உதைத்தவள் என்று மாமா அவளைத் திட்டினார். கிறிஸ்துவ வீட்டில் லட்சுமி எங்கே வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கோபம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அப்பா அந்த ஊருக்குக் கடிதம் போட்டார். எங்கள் பெட்டி அங்கேதான் போயிருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் வைத்து மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. கிளம்புகிற அன்று காலை மாமா ஆணியும் சுத்தியலுமாக வந்து உட்கார்ந்தார். பாலனை வைக்கோலில் படுக்கவைத்ததும், "இரு தம்பி" என்று சொல்லிவிட்டு அத்தை தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். வெள்ளை மல்லுத் துணி, பழுப்பேறியிருந்தது, வசம்பு வாசனை அடித்தது. அப்படி ஒன்று அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கைகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாலனுக்குப் போட்டுவிட்டாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. வழியில் கண்ணாடிக் கண்ணில் வைக்கோல் குத்தாமல் இருக்க முகத்துக்குப் பஞ்சு வைத்தாள். மாமா ஒவ்வொரு ஆணியாக மெல்லத் தட்டி அடித்தார். பெட்டியை வேறு யாரிடமும் தராமல் விழுப்புரம் வரைக்கும் அவரே சுமந்து வந்தார்.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். ஒரு பெரியவரும் அவர் மருமகளும். துணியில் சுற்றிய எங்கள் பெட்டி அவள் மடியில் இருந்தது. எழுந்து நின்று கும்பிட்டாள்.

"ஊரு கூடி மூணு அறுவடையா சேத்து வாங்கினதுங்க" என்றார் பெரியவர். "சின்னதா வரவும், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சி பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டாங்க. எங்களுக்கு யாரு எழுதறது, யார கேக்கறது, ஒண்ணும் புரியலீங்க."

மாமா ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, ஆணியைப் பிரித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "இன்னாத்துக்குங்க? நீங்க இம்மாந்தூரம் வந்தீங்களே, அத விடவா" என்று பெரியவர் மறுத்துவிட்டார். அத்தை மருமகளிடம் மட்டும், "தல இந்தப் பக்கம் இருக்குது. தாழ்த்தாம தூக்கிக்கினு போம்மா" என்றாள். அவள் சரியென்று தலையாட்டினாள். கூட்டத்தில் அவர்கள் மறையும் வரை அத்தை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒரு சாண் மண் பாலன். கறுப்பாக இருந்தது. ஒரு கண்ணை மற்றதைவிடப் பெரிதாக வரைந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அத்தை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம வூட்டு ஜாடை" என்று சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அத்தே! சட்டை! சட்டைய கழட்டாம குடுத்துட்டியே!"

"ஆமா இல்ல" என்றாள் அத்தை.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு பெரிய விஷயத்தை இவர்கள் இப்படி லேசாக எடுத்துக்கொள்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "பரவாயில்ல அத்தே. நாம அவுங்களுத திருப்பிக் குடுத்தோம் இல்ல? அவுங்களும் அனுப்பிடுவாங்க" என்று நானே அவளைச் சமாதானப்படுத்தினேன்.

அனுப்பவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. தபால்காரர் வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் கேட்டேன். எங்கள் ஊர் தெரியும், அப்பா பெயர் தெரியும், ஒரு சின்னச் சட்டையைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லையே என்று அந்த ஊரின்மேல் எனக்கு வந்த கோபம் பல வருஷம் இருந்தது. பிறத்தியார் பொருளை வைத்துக்கொள்கிற ஜனங்கள் என்று என் சிநேகிதிகளிடம் எல்லாம் சொல்லிவைத்தேன்.

"ஒரு கடுதாசி போட்டு கேக்கலாம் அத்தே" என்று ஒருநாள் சொன்னேன்.

"வேணாம் கண்ணு. அங்கயே இருக்கட்டும். மார்கழியில குளுரும்" என்றாள்.

சுண்ணாம்புப் பொம்மைக்குக் குளிருமா என்று நான் அவளிடம் வாதாடினேன். அந்தச் சட்டையை யாருக்குத் தைத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.