தெரியலை

எங்கள் வீட்டில் ஒருமுறை ‘தெரியலை’ என்ற ஒரே ஒரு சொல்லுக்காகப் பிரியாணி செய்தார்கள். பரீட்சையில் நான் எத்தனையோ முறை அதே சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு வடைகூடக் கிடைத்ததில்லை.

அரசாங்கத்தின் இலவச டிவி எங்கள் தெருவுக்கு வருவதற்குச் சற்று முந்தைய காலம் அது. ஆம்பூரில் தோல் கம்பெனிகளை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். சித்தப்பா இறந்த பிறகு சித்தி கைக்குழந்தையோடு திமிரியிலிருந்து எங்களோடு வந்து சேர்ந்தாள். சித்திக்கும் பாப்பாவுக்கும் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். அந்தக் கிருமியின் பெயர் எச்.ஐ.வி. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெருவில் ஒருவருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று அம்மா பயந்தாள்.

பாப்பாவுக்கு இரண்டு மாதம் ஆனபோதே வேலூர் டாக்டர் மருந்தைத் தொடங்கிவிட்டார். கொழுகொழுவென்று சிரிக்கிற குழந்தைக்கு இவ்வளவு அவசரமாக எதற்கு மருந்து என்று அம்மா கேட்டதற்கு, “சிரிக்கும்போதே குடுத்தாத்தாம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கும்” என்றாராம்.

காலையும் இரவும், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். எங்கள் சுவர்க் கடிகாரமோ தன் இஷ்டத்துக்கு ஓடும். அதனால் காலை மருந்துக்குக் கம்பெனிச் சங்கு, இரவு மருந்துக்குப் பள்ளிவாசலின் கடைசி பாங்கு என்று வைத்துக்கொண்டோம். பாங்கு கேட்டதும் பக்கத்து வீட்டுக் காலாம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ஏய் பொண்ணு, பாங்கு சொல்லிட்டாங்க!” என்று எனக்குக் குரல் கொடுப்பார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்களுக்கு எதற்குப் பாங்குச் செய்தி என்று தோன்றும். தொழப் போகிற பெருமையைச் சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

மருந்து கொடுப்பது என் வேலை. நான் வெளியாட்களிடம் வாயே திறக்காத பெண். ஆனால் பாப்பாவின் வாயைத் திறக்க என்னால்தான் முடிந்தது. அந்த மருந்து அவ்வளவு கசப்பு. சித்தி வைத்தால் துப்புவாள், அம்மா வைத்தால் அம்மாவின் மேலேயே துப்புவாள். நான் அவள் தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடி, “பாப்பா எங்க? பாப்பா தெரியலையே!” என்பேன். உள்ளே குலுங்கிச் சிரிப்பாள். துண்டை இழுத்ததும் வாய் முழுக்கத் திறந்திருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் ஓரமாக வைத்து மெல்ல அழுத்திவிட்டு, உடனே நாட்டுச்சர்க்கரை. ஏமாந்துவிட்டோம் என்று அவள் முகம் சுளிப்பதற்குள் நாக்கில் இனிப்பு ஏறிவிடும். மறுநாளும் அதே மாதிரி சந்தோஷமாக ஏமாறுவாள்.

பாப்பாவுக்கு இரண்டு வயது ஆனபோது, கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். முடிவு கேட்க சித்தியோடு மாமா வேலூர் போனார். மாமா அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். பச்சைத் தோல் குடோனில் தோலுக்கு உப்புப் போடுகிற வேலை. அவர் வருவதற்கு முன்பே அவர் வாசனையும் அவர் குரலும் வந்துவிடும். அன்று குரல் தெருமுனையிலேயே வந்துவிட்டது.

“அக்கா! தெரியலையாம்! டாக்டரு சொல்ட்டாரு, தெரியலையாம்!”

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த காலாம்மா நிமிர்ந்தார். “இன்னா தெரியலையாம்?”

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஒண்ணுமில்ல காலாம்மா... பல்லு. பாப்பாக்குப் புதுப் பல்லு. தெரிஞ்சுடுச்சு.”

காலாம்மா பாப்பாவைத் தூக்கி வாயைப் பார்த்தார். வாய் நிறையப் பற்கள் எப்போதோ வந்தாகிவிட்டன. “ஆமா, ஜாஸ்தி ஆயிடுச்சு. பல்லுக்குப் பிரியாணி போடணும். அரிசியை ஊறவை, நான் வந்து தம் போடுறேன்” என்றார். மறுபேச்சு இல்லாமல் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கத் தொடங்கினார். மாமா அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பாப்பா ஓடிப்போய்த் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு துண்டு நடந்துகொண்டிருந்தது.

தம்மைத் திறந்து, தன் வீட்டுப் பங்கை வாங்கிக்கொண்டு காலாம்மா போனதும் மாமா எழுந்தார். மருந்து பாட்டில்களை எடுத்துப் பரண்மேல் வைத்தார். “ஒழிஞ்சுது பேஜாரு! இனிமே இது கீழ இறங்கக் கூடாது” என்றார். அப்பா கை தட்டினார். அம்மா அழுதுகொண்டே கத்தரிக்காய்க் குழம்பு பரிமாறினாள். சித்தி மட்டும் தட்டைப் பார்த்தபடி சோற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு வீடு இப்படிச் சிரிக்கிறது, அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை போல.

சத்தத்தில் பாங்கு யாருக்கும் கேட்கவில்லை. சுவருக்கு மேலே காலாம்மா தலை தெரிந்தது.

“ஏய் பொண்ணு! பாங்கு சொல்லிட்டாங்கடி! காதுல இன்னா பிரியாணியா?”

நான் பழக்கத்தில் எழுந்து சிரிஞ்சை எடுத்துவிட்டேன். காலாம்மா தலை மறைந்ததும் மாமா, “உக்காரு. அதான் கிருமி இல்லையே” என்றார்.

சித்தி நிமிர்ந்தாள். “அண்ணா, இல்லைன்னு டாக்டர் சொல்லலை. ரத்தத்துல தெரியலைன்னாரு. அதைக் கேட்டதும் நீ ஸ்வீட்டுக் கடைக்கு மக்கன்பேடா வாங்க ஓடிட்ட. மீதி நான்தான் கேட்டேன். எங்கயோ மூலையில தூங்குதாம். மருந்து நின்னா எழுந்துக்குமாம்.”

“தெரியலைன்னா இல்லைன்னுதான அர்த்தம்?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் பாப்பா துண்டைப் போட்டுக்கொண்டாள். சித்தி அந்தத் துண்டைக் காட்டி, “இதோ, என் பொண்ணும் தெரியலை. இல்லையா அவ?” என்றாள்.

மாமா விடவில்லை. “அது விளையாட்டு.”

“சரி. உன் குடோன்ல உப்புப் போட்ட தோல்ல புழு வருமா?”

“நான் போட்ட உப்புக்கா? வராது.”

“புழுதான் இல்லையேன்னு உப்பை அலசிட்டுச் சும்மா போட்டு வச்சா?”

மாமா வாயில் இருந்த எலும்பை எடுத்துவிட்டு யோசித்தார். “நாத்தம் வாணியம்பாடி வரைக்கும் போவும்” என்றார். கை கழுவினார், முக்காலியைப் போட்டு ஏறினார், பாட்டில்களை இறக்கினார். என் கையில் கொடுக்கும்போது, “இந்தா, உப்பு” என்றார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பாப்பாவும் துண்டுக்குள்ளிருந்து சிரித்தாள். “பாப்பா தெரியலையே” என்று சொல்லி இழுத்தேன். வாய் திறந்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மருந்துக்கு உப்பு என்றே பெயர். பாப்பா இப்போது ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் தன் மாத்திரையை, உப்பை, தானே போட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு முறை ரத்தம் பார்த்துவிட்டு வரும்போதும் எனக்கு போன் செய்து, “அக்கா, தெரியலை!” என்று கத்துகிறாள். நான் அரிசியை ஊறவைக்கிறேன்.

அன்று மருந்து கொடுத்துவிட்டு நான் சிரிஞ்சைக் கழுவ வெளியே வந்தபோது காலாம்மா இன்னும் சுவரோரமே நின்றிருந்தார். தலையில் தொழுகைத் துணி போட்டிருந்தார்.

“ஆச்சா?” என்றார். எல்லா நாளும் கேட்பதுதான்.

“ஆச்சு காலாம்மா. ரெண்டு தட்டு.”

அவர் சிரித்தார். “உனக்கு ஆவும்டி. பாப்பாக்கு?”

“பாப்பாக்கும் ஆச்சு.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாங்கு முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியும் அவர் தொழப் போகாமல் அந்த ஒரு பதிலுக்காகத்தான் நின்றார் என்பது எனக்கு அன்று தெரியலை.