உங்க ஆளுக

போடியில் எங்கள் சர்ச்சின் சாவி சில வருடங்கள் என்னிடம் இருந்தது. நான் வேலை பார்த்தது ஏலக்காய்க் கிட்டங்கியில். மலையிலிருந்து வரும் காயைச் சலித்து, பெரியது, சிறியது, வெடித்தது என்று பிரிக்க வேண்டும். சனிக்கிழமை மதியத்தோடு அந்த வேலை முடியும். வீட்டுக்குப் போகாமல் நேராகச் சர்ச்சுக்குப் போய்ப் பெருக்கி, பெஞ்சுகளைத் துடைத்து வைப்பேன். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

அதில் எனக்குத் துணையாக வந்தவள் பேக்கரிக்காரர் மனைவி. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தெருவில் அவர்கள் கடை. மலையாளக் குடும்பம். சொந்த ஊரில் அவர்கள் வேறு சபை. அந்தச் சபைக்குப் போடியில் கோயில் கிடையாது. எங்களோடு சேர வந்தபோது, மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். அப்போதிருந்த போதகர், "ஒருக்கா வாங்குனது போதும்யா. கர்த்தருக்கு ரெண்டு சபை கிடையாது" என்று முடித்துவிட்டார். அவள் நெற்றியில் சிலுவை போடுவதும், நாங்கள் முழங்காலிடும் இடத்தில் நிற்பதும் எங்கள் பெண்களுக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

திருவிருந்தில் போதகர் பிட்டுக் கொடுப்பது அவர்கள் கடை ரொட்டிதான். அவளே ஓரம் வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் நான், எனக்குப் பக்கத்தில் அவள், அவளுக்கு அந்தப் பக்கம் அவள் மகள். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் என் வீட்டில் சோறு பொங்கியது அவள்தான். கூடப் பிறந்தவர்கள் யாரும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மலைமேல், மலையாளப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் வேலை பார்த்தார். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். அணைத் தண்ணீருக்காக இரண்டு மாநிலத்துக்கும் சண்டை முற்றிய அந்த டிசம்பரில் அவர் மேலேதான் இருந்தார். மலையில் தமிழ் ஆட்களை அடித்து விரட்டுகிறார்கள் என்று முதலில் பேச்சாக வந்தது. பிறகு ஆட்களே வந்தார்கள். செருப்பில்லாமல், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, காட்டுப்பாதையில் இறங்கி, மலையடிவாரத்தில் குரங்கணியில் வந்து விழுந்தார்கள். அவர் போன் அணைந்து கிடந்தது. இரண்டு நாள் குரங்கணி ஜீப் நிற்கும் இடத்தில் போய் நின்று, இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் போடியில் கடைகளை அடைத்தார்கள். மதியத்துக்கு மேல் தெருவில் சத்தம். மலையாளக்காரர் கடைகளைத் தேடித் தேடி உடைக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பேக்கரிக்காரர் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, சாவி தா. நாங்க பள்ளிக்குள்ள இருந்துக்கறோம்" என்றாள். சர்ச்சை அவள் பள்ளி என்றுதான் சொல்வாள். "அவரு ஷட்டரப் போட்டுட்டு வந்துருவாரு. பள்ளிக்குள்ள ஆரும் வர மாட்டாங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சாவி எங்கிட்ட இல்ல" என்றேன். என் இடுப்பில்தான் இருந்தது.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "உங்க ஆளுக என் வீட்டுக்காரர என்ன செஞ்சு போட்டாகளோ தெரியல. இந்த லட்சணத்துல உனக்கு நான் சாவி தரணுமாக்கும்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. "நான் உங்க ஆளு இல்லியா அக்கா?" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன்.

பயத்தில் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. ஆனால் தாழ்ப்பாளைப் போட்டபோது ஒரு திருப்தியும் இருந்தது. மூன்று நாளாக யாரையாவது ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. கைக்குக் கிடைத்தவள் அவள். இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பயனில்லை.

அவர்கள் கடைக்குத் திரும்பி ஓடினார்கள். வேறு எங்கே போவது? கூட்டம் ஷட்டரை நெம்பித் திறந்தபோது மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். மகளை மறைத்துக்கொண்டு நின்ற பேக்கரிக்காரர் மேல் கண்ணாடி அலமாரியைத் தள்ளிவிட்டார்கள். அவருடைய வலது கை மணிக்கட்டில் நரம்பு அறுந்துபோனது. போலீஸ் வந்து, கட்டுப்போட வைத்து, அன்று சாயங்காலமே மூவரையும் ஊரைவிட்டு அனுப்பிவிட்டது. மறுநாள் நான் அந்தப் பக்கம் போனேன். ரோட்டில் ரொட்டித் தட்டுகள் மிதிபட்டுக் கிடந்தன. ஒரு நாய் எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

அதற்கு மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். கால் இரண்டும் வீங்கி, உதடு வெடித்து, ஆனால் முழுசாக வந்தார். குளிக்க வைத்துச் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"எங்க ஒம்பது பேரையும் ஒரு சேச்சி காய் காயவைக்கிற ரூமுக்குள்ள பூட்டி வச்சுச்சு. தடியெடுத்துக்கிட்டு வந்தவங்ககிட்ட இங்க ஒருத்தரும் இல்லேன்னு வாசல்ல நின்னு சொன்னுச்சு. உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். மறுநாள் அதோட தம்பிக்குப் பயம் வந்துருச்சு, போயிருங்கன்னுட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. காட்டுப்பாதைய அவன்தான் காட்டி விட்டான்."

நான் அவர் தட்டில் குழம்பை ஊற்றினேன். என் பக்கத்து விஷயம் எதையும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் காலை திருவிருந்து. ரொட்டியை வேறு கடையிலிருந்து வாங்கியிருந்தார்கள். எங்கள் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருக்கக்கூடாது என்று யாரோ நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். நாமெல்லாம் ஒரே சரீரம் என்று போதகர் சொல்ல, நாங்களும் சேர்ந்து சொன்னோம். அந்தக் குடும்பத்துக்காக ஜெபத்தில் ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். மலையிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்காக ஜெபித்தார்கள். இவர்களைப் பற்றி ஒன்றும் வரவில்லை. என் முறை வந்தபோது போய் முழங்காலிட்டுக் கையை நீட்டினேன். வாங்கினேன். விழுங்கினேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.  "நீ தெறந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். சாவியைப் போதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்து அவரிடமும் சொன்னேன். "யாரையும் குறை சொல்ல முடியாத நேரம்மா அது. மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றார். அந்த வருடச் சபைக் கூட்டத்தில் உறுப்பினர் பட்டியலைப் படித்தபோது, அந்தக் குடும்பத்தை "இடம் மாறிச் சென்றவர்கள்" என்று எடுத்துவிட்டார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. நானும்தான்.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் இருக்கும் ஊரை விசாரித்து, பஸ் பிடித்து மலை மெட்டைத் தாண்டிப் போனேன். வாடகைக்கு ஓர் அறை. அவர் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாவு பிசைய முடியாத கை மடியில் கிடந்தது. அவள் வீடுகளில் வேலைக்குப் போகிறாள். எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவளே முந்திக்கொண்டாள்.

"சாவி இடுப்புல இருந்துச்சு. சேலைக்கு மேல கயிறு தெரிஞ்சுது" என்றாள். பிறகு, "இப்பவும் பள்ளிக்குப் போறியா?" என்று கேட்டாள்.

"போறேன்."

"அப்பமும் வாங்குறியா?"

"வாங்குறேன்."

"நான் எங்கயும் போறதில்ல அக்கா. இங்க எங்க பழைய சபை இருக்கு. வந்து கூப்பிடுறாங்க. பக்கத்துல ஆரு உட்காருவாங்களோன்னு பயமா இருக்கு" என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும் வரை கூட வந்தாள். அதன் பிறகு நான் போகவில்லை. அவளும் வரச்சொல்லவில்லை.

போன வருடம் அவள் மகள் போன் செய்தாள். அம்மா இறந்துவிட்டாள், நாளைக்கு அடக்கம், போடி சபைக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். சொன்னேன். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான் போனோம். கல்லறையில் பின்னால் நின்று, எல்லோரும் மண் போட்ட பிறகு போட்டோம். மகள் தலையை அசைத்தாள். 

அந்த ஞாயிறு இப்போதுள்ள போதகரிடம் மரண அறிவிப்புப் படிக்கச் சொன்னேன். அவர் புதியவர். பட்டியலில் பேர் இல்லையே என்றார். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, "நம் சபையின் முன்னாள் உறுப்பினர்" என்று படித்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுவேன் என்று எனக்கே தெரியாது.

"அவ முன்னாள் இல்லீங்கய்யா. நாமதான் அவளை அனுப்பி விட்டோம்" என்றேன். அன்று சாவி கேட்டு வந்ததையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான் இருக்கும்.  போதகர் பாடகர் குழுவைப் பார்த்தார். அவர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி மட்டும், "இத்தன வருசம் கழிச்சு இது எதுக்குக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் காணிக்கைத் தட்டு எடுப்பவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறு வயதிலிருந்து எங்கள் சபையில் இருப்பவர். இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். ஆட்கள் போகும்வரை காத்திருந்தார்.

"அக்கா, அன்னைக்குக் கடை வாசல்ல நானும் நின்னேன்" என்றார்.

வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"கல்லெடுக்கல. ஷட்டரத் தட்டுனேன். உள்ள போனதும் அந்த அண்ணன் என்னையப் பாத்தாரு. முந்துன ஞாயித்துக்கெழம அவரும் நானும் ஒரே பாட்டுப் புஸ்தகத்த வச்சுப் பாடினோம்." பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "அலமாரியத் தள்ளுனது நான் இல்ல. தள்ளாதன்னும் சொல்லல."

"ஏன் தம்பி இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அவர் சர்ச்சுக்கு வருவதில்லை. அவர் மனைவி இரண்டு தடவை என்னைக் கிட்டங்கி வாசலில் நிறுத்தி, "அன்னைக்கு அவருகிட்ட அப்படி என்ன சொன்னீக?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அவள் நம்பவில்லை. இப்போது தட்டை வேறொருவர் எடுக்கிறார். நான் ஞாயிறுதோறும் போகிறேன். திருவிருந்து நாட்களில் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.