தேசம்மாவின் மூன்றாவது சரணம்

போன வாரம் ஊசி போட்டுக்கொள்ள கிளினிக்குக்குப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் புஜத்தில் தேய்த்ததும் எனக்குப் பசி எடுத்துவிட்டது. சிரிக்காதீர்கள். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் கேசட் கடை வைத்து வாலிபத்தைக் கழித்தவனுக்கு ஸ்பிரிட் வாசனை என்றால் டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்கிற காலை நேரம். அதைத் துடைத்து முடித்தால்தான் எனக்கு இட்லி டிபன். அன்றைக்கு அந்த இட்லி ஞாபகத்தின் பின்னாலேயே தேசம்மா வந்தாள், அவளுக்குப் பின்னால் அந்த ஆளும் வந்தான். பிரஷர் பார்த்த டாக்டர், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

அந்த ஆளின் பெயரை எழுத மாட்டேன். பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம். தன் பெயரை அச்சில் பார்த்தால், எதற்காக அச்சிட்டார்கள் என்றுகூடப் பார்க்காமல் பூரித்துப்போகிற ரகம் அவன். அந்தச் சந்தோஷம் அவனுக்கு என்னால் கிடைக்க வேண்டாம்.

தேசம்மா காசிமேட்டுப் பெண். பகலில் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பாடுவாள். புதுப் பாட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்ய என் கடைக்கு வருவாள். விரல் நுனிகளில் இறால் ஓடு கீறிய காயம் எப்போதும் இருக்கும். ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில், தானே கட்டியது என்று ஒரு பாட்டைப் பாடிக் காட்டினாள்.

‘எண்ணூரு காத்துல உப்பு கீது,
என் நெஞ்சுக் கூட்டுல நெருப்பு கீது...’

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. எந்த கேசட் விற்கும் என்பது மட்டும் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய் என்று என் கடைப் பரணில் தூங்கிய கேசட்டுகள் சொல்லும். ஆனால் இந்தப் பாட்டைக் கேட்டபோது, துடைத்துக்கொண்டிருந்த பஞ்சை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

சென்னைக்குத் தனியார் எஃப்எம் வந்த புதிது. கீபோர்டு வைத்திருந்தவனெல்லாம் பாப் ஆல்பம் போட அலைந்த நேரம். அந்த ஆள் ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்தவன், தேசம்மா பாடியதைக் கேட்டுவிட்டு மறுநாளே என் கடையில் வந்து அவளை விசாரித்தான். மண்டபத்துக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றாத மனிதன். முதலில் ஒரே ஒரு பாட்டு, தனி கேசட்டாக, அது எஃப்எம்மில் ஓடினால் ஆல்பம் என்றான். தேசம்மாவின் வீட்டுக்கே போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் அம்மா பூங்காவனம் வைத்த வஞ்சிர மீன் குழம்பை மூன்று முறை ஊற்றிக்கொண்டான். கை கழுவும்போது, தேசம்மா என்ற பேர் பாப்புக்கு ஒட்டாது, டெய்சி என்று வைத்துக்கொள்ளலாம் என்றான். பேரை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவள் மெல்லச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டான்.

ரெக்கார்டிங் கோடம்பாக்கத்தில், அவன் ஸ்டுடியோவில். ஏசி குளிருக்கு அம்மாவின் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். ஹெட்போனை மாட்டியதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்து, “ணா, நான் மூச்சு வுடறது எனக்கே கேக்குது” என்றாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தான். இரண்டு சரணம், நடுவில் ஒரு ஹம்மிங். அந்த ஹம்மிங்கில் ஓர் இடத்தில் அவள் குரல் படகு அலை மேல் ஏறி இறங்குவதுபோலப் போகும். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

வெளியீட்டு விழா ஒரு பெரிய ஓட்டலில். மீன் வேனை பினாயில் விட்டுக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தி, குப்பத்துப் பெண்கள் அதில் ஏறி வந்தார்கள். தேசம்மா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். மேடையில் விளக்கு எரிந்தபோது ஜீன்ஸ் போட்ட வேறொரு பெண் நின்றாள். ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. ‘உப்பிருக்கு, நெருப்பிருக்கு’ என்று சலவை செய்த தமிழில், வேறு குரலில். நடுவில் வந்த ஹம்மிங் மட்டும் தேசம்மாவுடையது. அந்த இடம் புதுப் பெண்ணுக்கு வரவில்லை போலும், இவளுடையதையே விட்டுவைத்திருந்தான்.

தேசம்மா நேராக அவனிடம் போய்க் கேட்டாள். அவன் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. “வாய்ஸ்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நீ வாயத் தொறந்தா மீன் வாடை வருது. சிட்டில இது எடுபடாது.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூங்காவனம் கையிலிருந்த பலகாரத் தட்டை ஒரு வாய்கூடத் தின்னாமல் கீழே வைத்தார்.

அதே வேனில் திரும்பினோம். பாரிமுனை தாண்டியதும் தேசம்மா சொன்னாள்: “அயுதா அவனுக்குத்தான் சந்தோசம். ணா, உன் கடையிலயே ரெக்கார்டு பண்லாமா?”

பண்ணினோம். ஷட்டரை இறக்கி, சுவரெல்லாம் கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, ஒரு கீபோர்டு, ஒரு டோலக். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் அடங்குகிற இடைவெளிகளில் பாடினாள். இரண்டு சரணம் முடிந்து மூன்றாவதாக ஒன்று வந்தது. இறால் உரித்துக்கொண்டே கட்டியதாம்.

‘கூலிங் கிளாசு போட்ட நைனா,
கொரலத் தூக்கினு போனியே இன்னா?
மீன் வாடையே ஆவாதுன்னா
மூணு தபா கொயம்பு ஊத்திகினியே இன்னா?’

டோலக் வாசித்தவர் சிரித்ததில் தாளம் தவறி, மறுபடி எடுத்தோம்.

பிரதி எடுக்க கேசட் வேண்டுமே. அவனுடைய கேசட்டுகளையே மொத்தமாக வாங்கினேன். அழிக்க முடியாதபடி மூலையில் விட்டிருந்த ஓட்டைகளில் செலோடேப் ஒட்டி, அவன் பாட்டை அழித்து, அதன் மேலேயே தேசம்மாவைப் பதிந்தேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு ரசித்துச் செய்த வேலை வேறில்லை. அட்டையில் ‘தேசம்மா, காசிமேடு’ என்று பெரிதாகப் போட்டோம்.

வெளியீடு காசிமேடு மீன் ஏலத்தில், விடிகிற வேளையில். மைக் செட் தாஸ் கூரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார். மூன்றாவது சரணம் வந்தபோது ஏலம் கூறியவரே நிறுத்திவிட்டுக் கேட்டார். முதல் கேசட்டைப் பூங்காவனம் ஒரு விசைப்படகு டிரைவர் கையில் கொடுத்தார். மீன் வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. சில வாரங்களில் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர்வரை கூலிங் கிளாஸ் மாட்டியவன் எவனும் நிம்மதியாகத் தெருவில் நடக்க முடியவில்லை.

இது எதுவும் தெரியாமல் அவன் திருவொற்றியூருக்குக் கச்சேரி செய்ய வந்தான். பாட்டு எஃப்எம்மில் ஓடிக்கொண்டிருந்ததால் யாரோ கடை திறப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மைதானம் நிறைந்திருந்தது. ஜீன்ஸ் பெண் ‘உப்பிருக்கு’ என்று ஆரம்பித்தாள். கூட்டம் ‘உப்பு கீது’ என்றது. அவள் குழம்பி நிறுத்தினாள். பாவம், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டம் நிறுத்தவில்லை. மூன்றாவது சரணத்துக்கு வந்தபோது குழந்தைகள்கூடப் பாடினார்கள். அவன் மெதுவாகக் கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் கெட்டிக்காரன். மைக்கை வாங்கி, இந்தப் பாட்டின் உண்மையான பாடகி இங்கே இருக்கிறார், அவரை நான்தான் கண்டுபிடித்தேன், மேடைக்கு அழைக்கிறேன் என்று கையை நீட்டினான். தேசம்மா ஏறினாள். கைதட்டல் அடங்கும்வரை நின்றாள்.

“எம் பேரு இன்னா, சொல்லு” என்றாள்.

அவன் வாய் திறந்தது. டெய்சி என்றான். மைதானம் அப்போது சிரித்த சிரிப்பு கடல்வரை கேட்டிருக்கும். அவன் வேறொரு பெயரைத் தேடினான், கிடைக்கவில்லை. நாள் முழுக்கப் பாட வைத்தவனுக்கு, அவள் வீட்டில் உட்கார்ந்து தின்றவனுக்கு, அவள் பெயர் நினைவில்லை.

“தேசம்மா. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் சொல்லிகினே போ” என்று சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்து மைக்கை எடுத்து முதலிலிருந்து பாடினாள். அவன் மேடையின் பின்பக்கப் படியில் இறங்கிப் போனான். அதன்பின் அவன் இரண்டாவது கேசட் வந்தது, விற்கவில்லை. ஸ்டுடியோவை மூடிவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் பிறந்தநாள் என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேசம்மாவை நிறைய இடங்களுக்குக் கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் அந்தச் சரணத்தையே கேட்டார்கள். முதல் வரியைத் தொடங்கும்போதே ‘கூலிங் கிளாசு’ என்று கத்துவார்கள். கொஞ்ச காலத்தில் அவளே நேராக அங்கிருந்து ஆரம்பித்தாள். பிறகு கல்யாணம், குழந்தைகள், எர்ணாவூரில் வீடு.

என் கடை சாலை அகலமானபோது போயிற்று. அந்த மைதானத்தில் இப்போது கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடல் காற்றில் மாஸ்டர் டேப் பூசணம் பிடித்தது. வீட்டில் ஒரு பிரதியாவது இருக்கும் என்று தேடினேன், இல்லை. விருந்தில் மூன்றாவது முறை குழம்பு கேட்பவனைப் பார்த்து அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் அந்த வரியைப் பாடுகிறார்கள். யாரைப் பற்றிய வரி என்று ஒருவருக்கும் தெரியாது.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று தேசம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு சரணத்தையும் பாடேன், எழுதியாவது வைத்துக்கொள்கிறேன் என்றேன். மெட்டை முனகிப் பார்த்தாள். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. அவன்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று சும்மா கேட்டேன்.

“கோவம் அப்டியேதான் கீதுணா” என்றாள். “பாட்டுதான் மறந்து பூட்ச்சு.”