ஒருமுறை கண் இமைக்கவும்

மழைக்காலத்தில் வந்த வைரஸ் காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் என் முகம் வேலைநிறுத்தம் செய்தது. இரண்டு பக்கமும் அசைவில்லை. கண்ணை மூட முயன்றால் விழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிந்தது.

மனைவி மறுநாள்தான் கவனித்தாள். “ஆபீசுல இருந்தப்பவும் மூஞ்சிய இப்புடித்தானே வச்சிருந்தீங்க. எனக்கு என்ன தெரியும்?”

நரம்பு மருத்துவர் விளக்கினார். கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகும் ஓயாமல், என் நரம்பின் உறையையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறதாம். கிருமிக்கும் உறைக்கும் ஏதோ சாயல் ஒத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஊசிகள் போட்டார்கள். மெல்லச் சரியாகும், அதுவரை தூங்கும்போது இமைகளைப் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஒட்டிவிட மனைவி மறுத்துவிட்டாள். “செத்தவங்களுக்குத்தான் கண்ண மூடி விடுவாங்க. என்னால ஆகாது.” நானே தடவித் தடவி ஒட்டிக்கொண்டேன்.

எதிர்ப்புச் சக்தியின் மேல் எனக்குக் கோபமில்லை. கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ஓய்வூதியத்துக்காக அம்பகரத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் மேசை முன் நின்ற பெரியவரிடம், “நீங்க இருக்கீங்க, சரி. அதுக்கு அத்தாட்சி எங்க?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உயிர்வாழ் சான்றிதழுக்குக் கடைசி நாளன்று, தருமபுரம் வீட்டிலிருந்து நானும் மனைவியும் ஆட்டோவில் அதே கருவூலத்துக்குப் போனோம். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். எழுத்தர் பெண் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “ஒருமுறை கண் இமைக்கவும்” என்றது திரை. முயன்றேன். என் வெள்ளை விழியைப் பார்த்து அவள்தான் இமைத்தாள். உயிருள்ள முகம் கண்டறியப்படவில்லை என்று வந்தது.

“செயலி தவறினா அதிகாரி முன்னாடி நேர்ல கையெழுத்துப் போடலாம். விதி இருக்கு,” என்று குழறினேன்.

“இருக்கு சார். அதிகாரி புதுச்சேரிக்கு மீட்டிங் போயிருக்காங்க. நாளைக்குத்தான் வருவாங்க.”

“நான் உங்க முன்னாடிதானே உக்காந்திருக்கேன்?”

“எனக்குத் தெரியுது சார். இதுக்குத் தெரியணுமே.”

மனைவி எழுந்து வந்தாள். “தாயே, இத மனசுல வச்சுக்காத” என்று சாமியிடம் முணுமுணுத்தபடி, இரண்டு விரல்களால் என் இமைகளை இழுத்து மூடி, சட்டென்று கையை எடுத்தாள். இமைகள் தாமாகத் திறந்தன. திரையில் பச்சை நிறம். ஓய்வூதியர் உயிருடன் உள்ளார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

“நான் உசிரோட இருக்கேன்னுதான் வந்துருச்சே,” என்றேன்.

“அது கவர்மெண்ட்டுக்கு.”

மதியம் நான் படுத்தபோது, ஈரத்தலையோடு பிளாஸ்திரியையும் கத்தரியையும் எடுத்து வந்தாள்.

“காட்டுங்க. அதான் தொட்டாச்சே.”