கூடுதலாக ஓர் அணி இயக்கப்படும்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அறிவிப்புச் செய்யும் பெண்ணை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்த ஓட்டுநர்களுக்கும் அவர் அக்காதான். அந்த அறையில் ஒரு மின்விசிறி, ஒரு கால் ஆடும் நாற்காலி, பஞ்சுத் தொப்பி போட்ட ஒரு மைக். அந்தத் தொப்பியை வாரம் தவறாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயவைப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை ஏதோ குழந்தையின் காலுறை என்று நினைத்திருந்தார்கள்.

மைக்கில் ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்வதில்லை என்பது அக்காவின் கொள்கை. ஒருநாள் இரண்டாவது நடைமேடையில் நின்ற பேருந்தை ஐந்தாவதில் நிற்பதாக அறிவித்துவிட்டார். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஐந்தாவதுக்கு ஓடினார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரம் காலியான பேருந்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் ஐந்தாவதில் நிறுத்தினார்.

வீட்டிலும் அதே குரல்தான். “குளியலறையில் இருப்பவர் உடனடியாக வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்” என்று அடுப்படியிலிருந்து சொன்னால் போதும், சின்னவன் தலையில் நுரையோடு வெளியே வந்து நிற்பான். கணவர் பல் செட் செய்பவர். பகல் முழுக்கப் பேசாத வாய்களோடு பழகியதாலோ என்னவோ, அவரும் அதிகம் பேச மாட்டார். ‘ம்’ என்பதையே நீட்டியும் குறுக்கியும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார்.

இப்படிப்பட்ட வீட்டில் மூத்தவள், நாலாம் வகுப்புக்காரி, ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு செய்தியோடு வந்தாள்.

“அம்மா, சமூகக்கூடத்துல ஃபுட்பால் லீகுக்குப் பேர் எழுதுறாங்க. நான் சேரப்போறேன். கோல்கீப்பர்.”

“ஏன் கோல்கீப்பர்?”

“அவங்களுக்கு மட்டும்தான் கையுறை தருவாங்க.”

சின்னவனுக்குப் பந்தும் பிடிக்காது, ஓடுவதும் பிடிக்காது. ஆனால் இடைவேளையில் ஆரஞ்சு தருவார்கள் என்று மூத்தவள் அவன் காதில் போட்டுவைத்ததால், அவனும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் சமூகக்கூடத்துக்குப் போனார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை. மூன்று மேஜைகள் போட்டிருந்தார்கள். எந்த மேஜை எந்த வயதுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. லீகின் செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். கடைக்கு வருபவர்கள் தங்கள் உபாதைகளை அவர் காதோடு சொல்லிச் சொல்லி, அவர் குரலும் அந்த அளவுக்கே இறங்கிப்போயிருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று, “ஆறு வயசுக்குக் கீழ இருக்கறவங்க இந்தப் பக்கம்” என்று ரகசியம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் மேடை மேல் ஒரு மைக் சும்மா நின்றது.

அக்காவின் கண் அந்த மைக்கில் நிலைகுத்தியது. “சார், அது வேலை செய்யுமா?” என்று கேட்டார்.

“செய்யும் மேடம். எனக்குத்தான் அதுல பேசினா வெக்கமா இருக்கு.”

அக்கா மேடையேறினார். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“பெற்றோர்களின் கனிவான கவனத்திற்கு. ஆறு வயதுக்கு உட்பட்டோர் முதலாவது மேஜை. பத்து வயதுக்கு உட்பட்டோர் இரண்டாவது மேஜை. இதரர் மூன்றாவது மேஜை. தங்கள் உடைமைகளையும் பிள்ளைகளையும் தாங்களே கவனித்துக்கொள்ளவும்.”

கூடம் கப்சிப் என்றானது. வருஷக்கணக்காக அந்தக் குரல் சொன்ன இடத்தில் நின்று பழகிய ஜனம். மறு நிமிஷமே மூன்று வரிசைகள் உருவாகிவிட்டன. தங்கை கல்யாணத்துக்குக் கூடத்தை வாடகைக்குக் கேட்க வந்த ஒருவர் தன்னையறியாமல் இரண்டாவது வரிசையில் போய் நின்றார். அவர் முறை வந்ததும் மேஜையில் இருந்தவர் நிமிராமலே, “வயசு?” என்றார்.

“முப்பத்தி நாலு. நான் ஹாலுக்கு…”

“அப்போ கோச்சா வாங்க” என்று எழுதிக்கொண்டார்.

அக்காவின் கணவரும் தப்பவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் தூணோரம் ஒதுங்கியிருந்தவர், ‘இதரர்’ என்ற சொல் தன்னைத்தான் குறிக்கிறது என்று எண்ணி மூன்றாவது மேஜைக்குப் போனார். ரெஃபரியா இருக்க சம்மதமா என்று கேட்டார்கள். “ம்” என்றார். அது சந்தேகத்தோடு இழுக்கும் ‘ம்’. வீட்டில் என்றால் புரிந்திருக்கும். இங்கே ஒரு விசிலையும் இரண்டு அட்டைகளையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மதியத்துக்குள் எல்லா அணியும் நிரம்பிவிட்டது. மருந்துக்கடைக்காரர் கைகூப்பிச் சைகை காட்ட, அக்கா கம்பீரமாக அறிவித்தார்: “பதிவு இத்துடன் நிறைவடைந்தது. இனி வருவோர் அடுத்த ஆண்டு முயலவும்.”

அறிவித்துவிட்டுத் திரும்பினால் மூத்தவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறாள். “அம்மா, எங்க பேரு?”

அக்காவுக்கு வியர்த்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டுத் தன் பிள்ளைகளை நிறுத்தத்திலேயே விட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் கிட்டே வந்து, “பரவால்ல மேடம், ரெண்டு பேரைச் சேர்த்துக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று கிசுகிசுத்தார்.

“சொன்னது சொன்னதுதான் சார்.”

“அப்போ புள்ளைங்க?”

மூத்தவள் உதடு பிதுங்கத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு எங்கிருந்தோ யோசனை வந்தது. மறுபடி மைக்கைத் தட்டினார்.

“கூட்ட நெரிசலைக் கருத்தில் கொண்டு, பத்து வயதுக்கு உட்பட்டோருக்குக் கூடுதலாக ஓர் அணி இயக்கப்படும்.”

மருந்துக்கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அறிவிப்பு வந்துவிட்டதே, இனி அணி இருந்துதானே ஆகவேண்டும். தாமதமாக வந்தவர்கள், வாசலில் பலூன் கேட்டு அழுதுகொண்டிருந்த ஒருவன், கழிப்பறை எங்கே என்று கேட்க உள்ளே வந்த இரட்டையர் என்று கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்தார்கள். மூத்தவள் கோல்கீப்பர். சின்னவன் எதுவும் செய்ய வேண்டியதில்லாத இடம் கேட்டான். அப்படி ஒன்று இல்லை என்றதும் இடது பக்கம் தந்தார்கள். ஹால் கேட்க வந்தவர் கோச். கல்யாணத்துக்கு ஹாலும் கிடைத்துவிட்டதால் அவர் மறுக்கவில்லை.

முதல் ஆட்டம் அடுத்த வாரமே வந்தது. மைதானத்தோரம் குடைக்குக் கீழே மேஜை, மேஜை மேல் மைக், மைக்குக்குப் பின்னால் அக்கா. நடுவில் அரைக்கால் சட்டையில் கணவர். அவருடைய முழங்காலை ஊர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது. விசிலை மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் ஊதினார். பிள்ளைகளுக்குக் கேட்காமல் ஆட்டம் தானாகவே தொடங்கிவிட்டது. நடுவே எதிரணிப் பையன் ஒருவன் சிரித்தபோது அவர் ஆட்டத்தை நிறுத்தி, அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, “பின்பல் ஆடுது. அம்மாகிட்ட சொல்லு” என்றார். பிறகு தொடரச் சொன்னார்.

கூடுதல் அணிக்கு எந்தப் பக்கம் கோல் போடுவது என்பதே சரியாகப் பிடிபடவில்லை. வலைக்குள் பந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது. மூத்தவள் கையுறை அழுக்காகிவிடும் என்று பந்தைத் தொடத் தயங்கினாள். அக்கா ஒவ்வொரு கோலையும் நடுநிலையோடு அறிவித்தார். ஆனால் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிக்கொண்டு வந்தது.

கடைசியில் எதிரணியின் ஆடும் பல் பையன் பந்தோடு தனியாக ஓடிவந்தான். எதிரே மூத்தவள் மட்டும். பெற்ற மனம் கேட்கவில்லை.

“கவனிக்கவும். பந்துடன் வந்துகொண்டிருக்கும் தம்பி, உங்கள் அம்மா நுழைவாயிலில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.”

பையன் சட்டென்று நின்று வாசலைப் பார்த்தான். பந்து தானாக உருண்டு மூத்தவள் காலடிக்கு வந்தது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மாவும் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு நுழைவாயிலுக்குப் போய் நின்றுவிட்டார்.

விசில் கேட்டது. இந்த முறை மைதானம் முழுக்கக் கேட்டது. கணவர் நேராக மேஜைக்கு நடந்துவந்தார். பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, அக்காவின் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

“என்னங்க, எனக்கா காட்டுறீங்க?”

“உனக்குத்தான். பொய் சொல்லி ஆட்டத்தைக் கெடுத்துட்ட. அந்தப் பையனுக்கு பெனால்டி. இன்னொரு தடவை பண்ணினா சிவப்பு. வீட்டுக்குப் போயிடணும்.”

பத்து வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. இடது பக்கம் நின்ற சின்னவன் இடைவேளை ஆரஞ்சுச் சுளையை மென்று விழுங்க மறந்தான். அக்கா மைக்கை அணைத்தார். சட்டம் அப்படித்தானா என்று மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் இருவரும் தலையாட்டினார்கள்.

பையன் பெனால்டி அடிக்க வந்தான். நுழைவாயிலில் அம்மா நிஜமாகவே நிற்பதைப் பார்த்துக் கையசைத்தான். கையசைத்தபடியே உதைத்தான். பந்து அம்மாவிடமே போய்ச் சேர்ந்தது.

கூடுதல் அணி அன்று தோற்றது. எத்தனை கோலில் தோற்றது என்பதை அறிவிக்காமல் மைக் அணைந்திருந்ததால், பிள்ளைகள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரும் திருத்தவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகளுக்குப் பயமாகக்கூட இருந்தது. தெருமுனை வந்ததும், “ஏங்க, கோவமா?” என்று கேட்டார். ரொம்ப மெதுவான குரல். அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருப்பது பிள்ளைகளுக்கே அன்றுதான் தெரியும்.

“இல்ல” என்றார் கணவர். “நல்லா இருந்துச்சு.”

“எது, என் அறிவிப்பா?”

“அட்டை காட்டினது.”

அக்கா நடுத்தெருவில் நின்று சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. கணவரும் சிரித்தார். சின்னவன் இதையெல்லாம் கவனிக்காமல், அடுத்த வாரம் எதிரணியின் ஆரஞ்சையும் தின்ன விடுவார்களா என்று மூத்தவளிடம் கேட்டுக்கொண்டே வந்தான்.